எஸ்.பி.எம். முடிந்த பிறகு பிள்ளை எங்கே போகிறான்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஆலோசக ஆசிரியராக இருக்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டுத் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் குடிவந்த குடும்பங்களிலிருந்தும் வருகிற பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம். இவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. படிப்பை நிறுத்தப்போகிறேன் என்று முடிவெடுத்து நிறுத்துகிற பிள்ளைகள் குறைவு. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வின் கடைசித் தாளுக்கும், அடுத்த படிப்பில் போய்ச் சேரும் நாளுக்கும் நடுவில்தான் அவர்களை நாம் தவறவிடுகிறோம்.

அந்த இடைவெளி நீளமானது. 2024 எஸ்.பி.எம். தேர்வு 2025 பிப்ரவரி வரை நடந்தது, முடிவு ஏப்ரலில் வந்தது. மேற்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது என்ற அழைப்பு வர அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். அத்தனை மாதம் சும்மா இருக்க வீட்டு நிலைமை விடாது. ஈப்போவில் சூப்பர் மார்க்கெட், பினாங்கில் ஃபேக்டரி, இல்லையென்றால் உணவு டெலிவரி. முதல் சம்பளத்தில் வீட்டுக்குக் கொஞ்சம், தனக்கு ஒரு கைப்பேசி. அப்புறம் ஒரு மோட்டார் சைக்கிள், மாதத் தவணையில். அழைப்பு வந்திருக்கிறது என்று கூப்பிட்டுச் சொன்னால், "டீச்சர், மோட்டார் காசு யார் கட்டுவா?" என்று கேட்கிறான். நியாயமான கேள்விதான். பெற்றோரிடம் நான் தேர்வுக்கு முன்பே கேட்டுக்கொள்வது இதுதான்: வேலைக்குப் போகட்டும், ஆனால் அழைப்பு வரும்வரை அவனை நம்பி எந்தத் தவணையும் எடுக்க வேண்டாம்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேசன் இடங்களைப் பற்றி நம் சமூகம் ஆண்டுதோறும் பேசுகிறது. பேச வேண்டியதுதான். ஆனால் மூன்று பாடங்களில் மட்டும் கிரெடிட் எனும் நல்ல தேர்ச்சி வாங்கிய பிள்ளையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? பஹாசா மலாயு எனும் மலாய் மொழிப் பாடத்திலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்று, மூன்று கிரெடிட்டும் இருந்தால் அரசு பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். சில துறைகள் குறிப்பிட்ட பாடங்களில் கிரெடிட் கேட்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969 முதல் ஈப்போவில்தான் இருக்கிறது. ஒரு செமஸ்டருக்குக் கல்விக் கட்டணம் 200 வெள்ளி (ரிங்கிட்). இதைச் சொன்னதும் நம்பாமல் திரும்பக் கேட்கும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். தனியார் கல்லூரி விளம்பரங்கள் வீடுவரை வருகின்றன, இந்தச் செய்தி வருவதில்லை.

மதிப்பெண் இன்னும் குறைவா? சமூகக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது. கியாட்மாரா எனும் தொழில்திறன் பயிற்சி நிலையம் 16 வயதிலிருந்து சேர்க்கிறது. எழுதப் படிக்கக் கணக்குப் போடத் தெரிந்தால் போதும், பயிற்சிக்காலத்தில் உதவித்தொகையும் உண்டு. பூமிபுத்ராக்களுக்கான அமைப்பான 'மாரா'வின் பெயர் அதில் இருப்பதைப் பார்த்து, நமக்கு இடமில்லை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளும் சேரலாம். மலேசியத் திறன் சான்றிதழில் ஐந்து நிலைகள். நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. வெல்டிங், வயரிங் என்று தொடங்குகிற பிள்ளைக்கும் மேலே ஏற வழி இருக்கிறது. எஸ்.பி.எம்.முக்குப் பிறகு பள்ளியிலேயே தொடரும் ஆறாம் படிவத்தைப் பலர் இளப்பமாக நினைப்பது எனக்கு வருத்தம். மூன்று செமஸ்டர்கள், வீட்டுக்குப் பக்கத்திலேயே படிப்பு, பல்கலைக்கழகம் வரை வழி.

பஹாசா மலாயு, வரலாறு இரண்டில் எதில் தோற்றாலும் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. அந்தத் தாளை மட்டும் மறுபடி எழுதலாம் என்பது தெரியாமல் வேலைக்குப் போய்விட்டவர்கள் உண்டு.

வழி தெரிந்தும் பிள்ளைகள் சேராமல் போவது சின்னச் சின்ன விஷயங்களால்தான். என் மேசைக்கு எதிரில் ஒரு பையன் உட்கார்ந்து, கீறல் விழுந்த கைப்பேசியில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் யூபியூ இணையப் பக்கத்தைத் திறக்கிறான். விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணின் ப்ரீபெய்ட் காலாவதியாகிவிட்டது. மின்னஞ்சல் கடவுச்சொல் நினைவில்லை. வந்த அழைப்பை ஏற்றுக்கொள்ள இன்னும் இரண்டு நாள்தான். கூட வந்த பாட்டி பிளாஸ்டிக் பையிலிருந்து பிறப்புப் பத்திரத்தையும் பழைய மின்கட்டண ரசீதையும் எடுத்து வைத்து, "எது வேணும்னாலும் எடுத்துக்கங்க டீச்சர்" என்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய அப்பா எங்கே இருக்கிறார் என்று அவருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட வீட்டை அக்கறை இல்லாத வீடு என்று எப்படிச் சொல்வது?

பணமும் அப்படித்தான். அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் வேண்டுமென்றால் எஸ்எஸ்பிஎன் எனும் கல்விச் சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். திறன் பயிற்சிக்குக் கடன் தருவது பிடிபிகே என்ற இன்னோர் அரசு நிதி. கடன் பெரும்பாலும் பதிவுக்குப் பிறகுதான் கைக்கு வரும். பதிவு நாளிலோ விடுதிக் கட்டணம், தலையணை, வாளி, பட்டறைக்கு சேஃப்டி பூட் எல்லாம் ஒரே சமயத்தில் வேண்டும். சில நூறு வெள்ளி இல்லாமல் நின்றுபோன படிப்புகள் இருக்கின்றன.

2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய கல்விச் சட்டத் திருத்தம் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்குகிறது. நல்ல காரியம். ஆனால் நான் சொல்லும் இடைவெளி ஐந்தாம் படிவத்துக்குப் பிறகு வருகிறது. அந்த நேரத்தில் பிள்ளை எந்தப் பள்ளியின் கணக்கிலும் இல்லை. அங்கே ஊர்தான் நிற்க வேண்டும். கோயில் மண்டபத்திலோ இளைஞர் மன்றத்திலோ, விண்ணப்பம் திறக்கும் வாரம் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஏற்கெனவே விண்ணப்பித்துச் சேர்ந்த இரண்டு கல்லூரி மாணவர்கள். முடிவு வந்த பிறகு இன்னொரு சனிக்கிழமை. பதிவு நாளன்று, கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளைச் சாமான்களோடு கொண்டுபோய் விட ஒரு வேன்.