மொராக்கோ குத்துவாளின் கறுப்புக் கோடுகள்

மொராக்கோவின் தெற்கே, சூஸ் பள்ளத்தாக்கிலும் அட்லஸ் மலையோரத்திலும் ஆண்கள் இடுப்பின் இடப்பக்கம் தொங்கவிடும் வளைந்த குத்துவாளுக்குக் குமியா என்று பெயர். இப்போது அது பெரும்பாலும் கல்யாணம், திருவிழாவுக்குத்தான் வெளியே வருகிறது. அலகு பாதி தூரம் நேராகப் போய் முனைப்பக்கம் வளைகிறது. ஆனால் நின்று பார்க்க வேண்டியது அதன் உறையை.

உறையின் வெள்ளித் தகட்டில் கன்னங்கரேலென்று ஓடும் கொடிகளும் கட்டங்களும் வண்ணம் பூசியவை அல்ல. நியெல்லோ என்ற கலவை அது. வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றையும் உருக்கிக் கந்தகம் சேர்த்தால், உலோகங்கள் கந்தகத்தோடு கூடிச் சல்ஃபைடாக மாறும். ஆறியதும் கறுப்பாக, எளிதில் நொறுங்கும் கட்டி கிடைக்கும். நம் வீட்டு வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுப்பதும் வெள்ளி சல்ஃபைடால்தான். அங்கே தேய்த்துக் கழுவுகிற அழுக்கை, இங்கே வேண்டுமென்றே காய்ச்சி எடுக்கிறார்கள்!

கட்டியைப் பொடித்து, வெங்காரம் சேர்த்து, உளியால் செதுக்கிய பள்ளங்களில் அப்பிச் சூடேற்றுவார்கள். வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். இந்தக் கலவை அதற்கு வெகு முன்பே இளகிப் பள்ளத்தை நிரப்பிவிடும். அப்படி இளக உதவுவது ஈயம். ஆறியபின் அரத்தால் ராவி மெருகேற்றினால், மேட்டில் வெள்ளி பளிச்சிடும், பள்ளத்தில் கறுப்பு தங்கும். இந்த வேலையில் பேர்பெற்ற யூதத் தட்டார்கள் பலர் அங்கே இருந்தார்கள். 1948க்குப் பிறகு அந்தச் சமூகத்தில் பெரும்பகுதி நாட்டைவிட்டுப் போய்விட்டது.

முக்கோணம், சாய்சதுரம், ஐந்து விரல் கை ஆகியவை வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பெர் மக்களிடம் கண்ணேறு கழிக்கும் குறிகள். நம்பிக்கை ஒருபக்கம் இருக்கட்டும். நேர்வாயுள்ள உளிக்கு முக்கோணத்தைவிடச் சுலபமான உருவம் வேறில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அல்ஜீரியாவின் கபீலியா மலைப்பகுதியில் செய்துவந்த ஃபிளிஸ்ஸா என்ற வாளில் வழி வேறு. எஃகு அலகிலேயே பள்ளம் வெட்டி, மெல்லிய பித்தளையைச் சுத்தியலால் அடித்து இறுக்கினார்கள். கடினமாக்கிய எஃகை மறுபடி அதிகம் சூடாக்கினால் அந்தக் கடினம் போய்விடும். சுத்தியல் அடியில் அந்தப் பயம் இல்லை.

கடைத்தெருவில் கறுப்புச் சாயம் பூசிய மலிவுக் குமியாக்களும் கிடைக்கின்றன. சாயம் கைபட்ட மேடுகளில் உரிந்து, அடியில் உலோகம் தெரியும். நியெல்லோவில் கீறல் விழுந்தாலும் உள்ளேயும் கறுப்புதான்.