கேஜில் 33, திரையில் 31: டயர் அழுத்தத்தில் எதை நம்புவது?

"டயரில் கேஜை வைத்துப் பார்த்தால் 33 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. காரின் திரையில் 31 என்று வருகிறது. எது பொய் சொல்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டுமே உண்மை சொல்லிக்கொண்டிருக்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

முதலில் ஒன்று. எல்லாக் கார்களிலும் டயருக்குள் சென்சார் இருப்பதில்லை. சிலவற்றில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுப் பார்க்கும். காற்று குறைந்த டயர் கொஞ்சம் அமுங்கி, மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். அந்த வகைக் காரில் எச்சரிக்கை விளக்கோடு சரி, அளந்த அழுத்தம் திரையில் வராது. வாசகரின் காரில் எண் வருவதால், அவருடைய டயருக்குள் சென்சார் இருக்கிறது.

அது பெரும்பாலும் வால்வின் அடியில், ரிம்மோடு ஒட்டியிருக்கும். அதன் உயிர், ஒரு சிறிய சிலிக்கான் சில்லு. சில்லின் ஒரு பகுதியை மயிரிழையைவிட மெல்லிய சவ்வாகச் செதுக்கியிருப்பார்கள். சவ்வின் ஒரு பக்கம் டயரின் காற்று. மறுபக்கம் காற்றே புகாமல் அடைத்த வெற்றிட அறை. காற்று அழுத்த அழுத்தச் சவ்வு வளைகிறது; வளையும் இடங்களில் சிலிக்கானின் மின்தடை மாறுகிறது. உலோகக் கம்பியை இழுத்தாலும் மின்தடை மாறத்தான் செய்யும். ஆனால் அங்கே கம்பி நீண்டு மெலிவதுதான் முக்கியக் காரணம், மாற்றமும் சொற்பம். சிலிக்கானில் படிகம் இம்மியளவு நெளிந்தாலே அதற்குள் எலக்ட்ரான்கள் ஓடும் எளிமையே மாறிவிடுகிறது. அதனால் விளைவு பல பத்து மடங்கு பெரிது. நான்கு மின்தடைகளை, வளையும்போது இரண்டு கூடவும் இரண்டு குறையவுமாக வைத்து, பள்ளியில் படித்த அதே வீட்ஸ்டன் சமனச்சுற்றில் இணைத்தால் அழுத்தம் மின்னழுத்தமாக வெளியே வந்துவிடும்.

இந்தப் பண்பை 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அளந்து வெளியிட்டவர் சார்லஸ் ஸ்மித். ஜெர்மானியம், சிலிக்கான் படிகங்களை அழுத்தி இழுத்தால் மின்தடை என்ன ஆகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதி கேட்பவர்களிடம் "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்பதை நான் ஏற்பதில்லை. அப்படி ஒரு பட்டியலை அன்று கேட்டிருந்தால் அதில் டயர் இருந்திருக்குமா?

இப்போது அந்த வெற்றிட அறைக்குத் திரும்புவோம். வித்தியாசத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சென்சார் வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணுகிறது. நம் கையிலுள்ள கேஜின் மறுபக்கமோ வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது. அது காட்டுவது, வெளியே உள்ளதைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே. கடல் மட்டத்தில் கேஜ் 33 காட்டும் டயரில் சென்சார் உணர்வது சுமார் 47.7. கார் அதிலிருந்து வளிமண்டலத்தின் 14.7ஐக் கழித்துத் திரையில் 33 என்று போடுகிறது. சில கார்கள் அவ்வப்போதைய வெளியழுத்தத்தை அளந்து கழிக்கும். சில, எங்கே போனாலும் ஒரே எண்ணைக் கழிக்கும்.

இந்த இரண்டாவது வகைக் காரை 2000 மீட்டர் உயரமுள்ள மலைக்கு ஓட்டிச் செல்வோம். அங்கே வெளியழுத்தம் சுமார் 11.5தான். டயரின் வெப்பநிலை மாறவில்லை என்றால் சென்சார் உணர்வது அதே 47.7; திரையில் அதே 33. கேஜோ 36 காட்டும்! டயர் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பதை உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடுதான் முடிவு செய்கிறது. ஆகவே மலைமேல் கேஜ் சொல்வதுதான் டயருக்குப் பொருந்தும் எண். அங்கே டயர் முழுவதும் பஞ்சராகிவிட்டால் இந்தக் காரின் கணக்கில் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 3 என்று வரும்.

மலையே ஏறாதவருக்கும் வித்தியாசம் வரலாம். சென்சாரில் 1 பி.எஸ்.ஐ. அளவுக்குப் பிழை இயல்பு. முள் வைத்த கேஜின் பிழையைப் பெரும்பாலும் முழு அளவின் சதவீதமாகச் சொல்வார்கள். 60 வரை அளக்கும் கேஜில் 2 சதவீதம் என்றால் 1.2 பி.எஸ்.ஐ.; 160 வரை அளக்கும் கேஜில் அதுவே 3.2. கார் டயருக்கு 60 வரையுள்ளதை வாங்குங்கள்.

வெப்பம் இன்னொன்று. 10 டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்பது வெறும் நம்பிக்கை. காற்றில் 78 சதவீதம் ஏற்கெனவே நைட்ரஜன்தான், உலர்ந்த காற்றும் நைட்ரஜனும் ஒரே வாயு விதிக்குத்தான் கட்டுப்படும். அதோடு, பேட்டரியைச் சேமிக்க, வண்டி நின்றதும் பெரும்பாலான சென்சார்கள் உறங்கிவிடும். சக்கரம் சுழலும் வேகத்தை உணர்ந்துதான் மறுபடி விழிக்கும். இரவெல்லாம் குளிர்ந்த டயரில் காலையில் கேஜை வைப்பவர், திரையில் நேற்றைய சூடான எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அதனால் வாசகருக்கு என் பதில்: காற்று அடிக்கும்போது குளிர்ந்த டயரில் கேஜைப் பாருங்கள். ஓடும்போது ஒரு டயர் மட்டும் மற்ற மூன்றைவிட்டு இறங்குகிறதா என்று திரையைப் பாருங்கள். விளக்கு எரியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அமெரிக்காவில் 2007 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமான விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 33 தேவைப்படும் டயர் 26இல் ஓடினாலும் அந்த விளக்கு அணைந்தே இருக்கலாம்.