நீராவி நீர்மூழ்கி: சொல் விளக்கம்

"நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியது." நாளிதழில் இப்படியொரு தலைப்பைப் படித்துவிட்டு என் மகள் பள்ளி நாட்களில் ஒருமுறை கேட்டாள்: "மூழ்குவதற்குத்தானே அப்பா அதைக் கட்டினார்கள்? பிறகு இது எப்படிச் செய்தியாகிறது?" பதில் சொல்ல வாயெடுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. தானே விரும்பி நீருக்குள் போவதற்கும், போய் மீளாமலே அழிவதற்கும் நாம் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். மற்ற எந்தக் கப்பலுக்கும் இதனால் குழப்பம் வராது. நீர்மூழ்கிக்கு மட்டும் வருகிறது. அதிலும் முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை கட்டிய நீராவி நீர்மூழ்கிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், மூன்றாவது வரியிலேயே பேனா நின்றுவிடும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'சப்மரீன்' என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'சப்' என்றால் அடியில், 'மாரே' என்றால் கடல். ஆங்கிலத்தில் அது முதலில் ஒரு பெயரடை மட்டுமே. கடலடிப் பாறை, கடலடிச் செடி என்கிறோமே, அதுபோல. பிறகு 'கடலடிப் படகு' என்று ஒரு படகுக்கு அடையாக வந்து, காலப்போக்கில் 'படகு' உதிர்ந்துபோய், அடைமொழியே பெயராகிவிட்டது. ஜெர்மானியரின் 'யு-போட்' என்பதும் கடலடிப் படகு என்பதன் சுருக்கம்தான். அவர்கள் இடத்தைச் சொல்லிப் பெயர் வைத்தார்கள். தமிழ் செயலைச் சொல்லிப் பெயர் வைத்தது. நீர், மூழ்கு, அதன்மேல் செய்பவரைக் குறிக்கும் இகர விகுதி. மரங்கொத்தி, மீன்கொத்தி, மண்வெட்டி ஆகியவற்றின் வரிசையில் நீர்மூழ்கியும் வந்து உட்கார்ந்துகொண்டது. மலையாளத்தில் 'முங்ஙிக்கப்பல்' என்பார்கள். நம் தென்மாவட்டங்களில் 'முங்கிக் குளித்தான்' என்கிறபோது வருகிற அதே முங்குதல்தான் அது.

அந்தக் காலத்துக் கலங்களுக்குத் தமிழ்ப் பெயர்தான் பொருத்தமானது என்பது என் எண்ணம். ஏனென்றால் அவை கடலடியில் வாழ்ந்தவை அல்ல. பெரும்பாலான நேரம் மேலே மிதந்தபடி ஓடி, தேவைப்படும்போது மட்டும் உள்ளே போய் வந்தவை. பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்து இரண்டு சொற்களை வைத்திருந்தார்கள். மின்கலத்தை மட்டுமே நம்பி ஓடுவது கடலடிக் கலம். மேலே ஒரு எந்திரம், கீழே மின்மோட்டார் என்று இரண்டு வைத்திருப்பது 'மூழ்கவல்ல கலம்'. இரண்டாம் வகைக்கு வழிகாட்டியது மாக்சிம் லொபெஃப் வடிவமைத்து 1899இல் கடலில் இறங்கிய 'நார்வால்'. மேலே அது ஓடியது நீராவியில்.

இனி நீராவி. இன்று இச்சொல்லைக் கேட்டால் ரயில் எஞ்சினும் இட்லிப் பானையும் நினைவுக்கு வரும். ஆனால் 'ஆவி' மூச்சின் பெயர். கொட்டாவி என்னும் சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. மூச்சிலிருந்து உயிருக்குப் போய், 'ஆவி பிரிந்தது' என்கிறோம். இதற்குச் சற்றும் தொடர்பில்லாத இன்னொரு 'ஆவி' உண்டு. அது குளத்தைக் குறிக்கும், வாவிக்கு உறவு. இராமநாதபுரம் மாவட்டத்தில் நீராவி என்று ஒரு ஊரும், யாழ்ப்பாணத்தில் நீராவியடியும் இருப்பதைப் பார்த்து, அங்கே யாரோ எஞ்சின் ஓட்டினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நம் கதைக்கு வேண்டியது மூச்சாகிய ஆவி. நீராவி நீர்மூழ்கியின் துயரமெல்லாம் மூச்சில்தான் தொடங்கியது.

போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமைக்கு ஓர் ஆசை இருந்தது. பெரும் போர்க்கப்பல்களோடு ஈடுகொடுத்து ஓடும் நீர்மூழ்கி வேண்டும். அதற்கு 24 நாட் (மணிக்கு 24 கடல்மைல்) வேகம் தேவை. அன்றைய டீசல் எஞ்சின் அதில் ஐந்து நாட் குறைவாகவே தந்தது. ஆகவே எண்ணெயில் எரியும் இரண்டு கொதிகலன்கள், நீராவிச் சுழலிகள், மடக்கக்கூடிய இரண்டு புகைபோக்கிகள் என்று 'கே' வகை பிறந்தது. நீளம் 339 அடி. பாதுகாப்பாக இறங்கக்கூடிய ஆழமோ 200 அடி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலம் செங்குத்தாகச் சாய்ந்தால், பின்புறம் நீருக்கு வெளியே நிற்கும்போதே முன்புறம் நொறுங்கும் ஆழத்துக்குப் போயிருக்கும்.

நெருப்புக்குக் காற்று வேண்டும். கொதிகலன் மூச்சு விடுவதற்காக மேல்தட்டில் பெரிய துளைகள் வைத்தே தீர வேண்டும். உள்ளே போகுமுன் தீயை அணைத்து, புகைபோக்கிகளை மடக்கி, காற்றுத் துளைகளை ஒன்று விடாமல் அடைக்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தாலே சில நிமிடங்கள் பிடிக்கும். ஒரு துளை திறந்திருந்தால் போதும், கதை முடிந்தது.

கே-13இல் திறந்திருந்தவை நான்கு.

1917 ஜனவரி 29. ஸ்காட்லாந்தின் கேர்லாக் என்னும் கடற்கழியில் புதிய கலத்துக்கு இறுதிச் சோதனை. உள்ளே 80 பேர். கடற்படையினரோடு, கட்டித் தந்த ஃபேர்ஃபீல்டு தளத்துத் தொழிலாளர்களும் இருந்தார்கள். தாங்கள் முறுக்கிய ஆணிகள் சரியாக நிற்கின்றனவா என்று பார்க்க வந்தவர்கள். காலையில் ஒருமுறை உள்ளே போய்ப் பத்திரமாக வந்தாயிற்று. பிற்பகலில் மறுபடியும் இறங்கியபோது எந்திர அறைக்குள் வெள்ளம் பாய்ந்தது. கலத்தின் தலைவர் காட்ஃப்ரே ஹெர்பர்ட் தொட்டிகளில் காற்றைச் செலுத்திப் பார்த்தார். அடியில் கட்டியிருந்த எடைகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பலனில்லை. ஏறக்குறைய மூன்றடி விட்டமுள்ள நான்கு காற்றுத் துளைகளும் திறந்தே கிடந்தன. திறந்திருப்பதாக உள்ளிருந்த காட்டும் பலகையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

பின்புறம் இருந்தவர்கள் அப்போதே போய்விட்டார்கள். முன்புறம் இருந்தவர்கள் கதவை அடைத்துக்கொண்டு இருளிலும் குளிரிலும் காத்திருந்தார்கள். கே-14இன் தலைவரான பிரான்சிஸ் குட்ஹார்ட்டும் அன்று அதில் வந்திருந்தார். மேலே போய் உதவி கேட்பதற்காக அவரும் ஹெர்பர்ட்டும் கலத்தின் கோபுரம் வழியே வெளியேற முயன்றார்கள். ஹெர்பர்ட் மேலே போய்ச் சேர்ந்தார். குட்ஹார்ட் மேற்கட்டுமானத்தில் மோதி உள்ளேயே இறந்தார். பிறகு கீழே இருந்தவர்களுக்குக் காற்றுக் குழாய் இணைத்தார்கள். கலத்தின் அணியம் (நம் மீனவர்கள் முன்முனையை அப்படித்தான் சொல்வார்கள்) நீருக்கு மேலே தூக்கப்பட்டது. எஃகு உடலில் ஓட்டை போட்டு, 57 மணி நேரத்துக்குப் பிறகு கடைசி ஆளை வெளியே எடுத்தார்கள். 48 பேர் பிழைத்தார்கள். 32 பேர் இறந்தார்கள்.

கரையோர விடுதியில் வேலை செய்த ஒரு பெண், கலம் போன சற்று நேரத்தில் நீரின் மேல் இரண்டு பேரைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறாள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு கலத்தைத் தூக்கியபோது எந்திர அறையில் இருக்க வேண்டிய உடல்களில் இரண்டு குறைந்தன.

இப்போது என் பேனா எங்கே நின்றது என்பது புரியும். "கே-13 காலையில் மூழ்கி எழுந்தது, பிற்பகலில் மூழ்கியது." இந்த வரியில் முதல் மூழ்குதல் வேலை, இரண்டாவது சாவு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வினை இருக்கிறது. தமிழில் இல்லையா?

இருக்கிறது. நாம்தான் அதைக் குளியலறையில் அடைத்துவைத்துவிட்டோம். 'குளி' என்றால் இன்று உடம்பில் நீர் ஊற்றிக்கொள்வது. ஆனால் தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் உடம்பு கழுவப் போனவர்கள் அல்லர். அவர்களுக்குக் குளியாளி என்று பெயர். கயிற்றைப் பிடித்துக் கடலடிக்குப் போய், கைநிறைய அள்ளிக்கொண்டு, மூச்சு தீருமுன் மேலே வருபவர். இது பழைய பொருள். புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு கிழவர், ஆழமான மடுவில் துடுமெனக் குதித்து 'குளித்து மணற்கொண்ட' தன் இளமையை நினைத்து ஏங்குகிறார். அடிவரை போனதற்குச் சாட்சியாக மணலை அள்ளி வந்து காட்ட வேண்டும். ஆக அந்தக் குளித்தலில் மீண்டு வருவதும் அடங்கியிருக்கிறது. வராதவன் குளித்தவன் அல்லன்.

'குளி' இன்று குளியலோடு ஒட்டிப்போனதால், அதன் உறவான 'முக்குளி' நமக்கு உதவும். முக்குளிப்பான் என்ற சிறு நீர்ப்பறவையை ஏரியில் பார்த்திருப்பீர்கள். இங்கே தலை மறையும்; எண்ணிக்கொண்டே இருந்தால் பத்தடி தள்ளி எழும். நீர்மூழ்கி செய்வதும் அதைத்தான்.

'மூழ்கு' என்பதன் சாய்வோ வேறு பக்கம். கடனில் மூழ்கினான் என்கிறோம். அடகு வைத்த நகையைத் தவணைக்குள் மீட்கவில்லை என்றால் 'நகை மூழ்கிவிட்டது' என்கிறோம். அந்தச் சொல்லைச் சொல்லும் பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது திரும்பி வராது என்று. ஆகவே திட்டமிட்டு உள்ளே போவதற்கு முக்குளித்தல் என்றும், அழிவுக்கு மூழ்குதல் அல்லது மூழ்கிப்போதல் என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை. கவிழ்தல் இதற்கு ஆகாது. அது சாய்ந்து புரளும் கப்பலுக்கு உரியது. 'நீர்மூழ்கி' என்ற பெயரை மாற்ற வேண்டுமா? வேண்டாம். ஊர் வாயில் ஊறிவிட்ட பெயர் அது. வினையை மட்டும் பிரித்துக்கொண்டால் போதும்.

கப்பலா, படகா என்ற கேள்வி இதைவிடச் சிறியது. 339 அடி நீளமானாலும் நீர்மூழ்கியைப் படகு என்று அழைப்பதே ஆங்கிலக் கடற்படை மரபு. தமிழில் 'நீர்மூழ்கிப் படகு' என்றால் கண்முன் துடுப்பு வந்து நிற்கும். 'கலம்' இரண்டுக்கும் பொது. மரக்கலம் என்று பழையது, விண்கலம் என்று புதியது, இரண்டையும் தாங்குகிற சொல். 'நீராவி நீர்மூழ்கிக் கலம்' என்பதே என் தேர்வு. பேச்சில் 'நீர்மூழ்கி' போதும்.

நீராவி நீர்மூழ்கி அந்தப் போரோடு ஒழிந்துபோன வினோதம் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி. இன்றைய அணு நீர்மூழ்கிகளும் நீராவியில்தான் ஓடுகின்றன. அணு உலை நீரைச் சூடாக்குகிறது. எழும் ஆவி சுழலியைச் சுற்றுகிறது. நம் 'அரிஹந்த்' கலத்துக்கான உலையின் முன்மாதிரியை முதலில் இயக்கிப் பார்த்த இடம் கல்பாக்கம். அந்த உலைக்குத் தீயும் இல்லை, காற்றும் வேண்டாம். ஆகவே துளையும் இல்லை. கே-13இன் தொழிலாளர்களைக் கொன்ற அந்த மூச்சுத் துளை மட்டும் நீராவியின் கதையிலிருந்து நீங்கிவிட்டது.

கே-13ஐத் தூக்கிப் பழுதுபார்த்து, கே-22 என்று பெயர் மாற்றி மீண்டும் கடலில் விட்டார்கள். பெயர் மாறியும் துயரம் விடவில்லை. 1918 ஜனவரி 31 இரவு, ஸ்காட்லாந்தின் மே தீவுக்கு அருகே விளக்குகளை மங்கவைத்து ஓடிய பெரும் அணிவகுப்பில் கே-14இன் மேல் மோதியது இதே கே-22தான். அந்த ஓர் இரவில் கே-4, கே-17 இரண்டும் சக கப்பல்கள் மோதியே மூழ்கின. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கம்பக்கத்தில் எதிரி ஒருவரும் இல்லை. நீரில் தத்தளித்த கே-17 மாலுமிகளின் ஊடே, அவர்களைக் காணாமல், பின்னால் வந்த நாசகாரிக் கப்பல்கள் ஓடின.

போர் முடிந்து இரண்டாண்டு கழித்து, 1921 ஜனவரி 20 அன்று பிஸ்கே விரிகுடாவில் ஒரு போர்ப் பயிற்சி. கே-22உம் அதில் இருந்தது. கே-5 தான் உள்ளே இறங்குவதாகச் செய்தி அனுப்பியது. அதன்பிறகு அதனிடமிருந்து எதுவும் வரவில்லை. அன்றே அதன் உடைந்த சிதறல்கள் சில நீரில் மிதந்து வந்தன. தாங்கும் ஆழத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று முடிவு செய்தார்கள். அதிலிருந்தவர்கள் 57 பேர்.

அந்த நாளை நான் இப்படி எழுதுவேன்: கே-5 முக்குளிப்பதாகச் சொன்னது, மூழ்கிப்போனது.