பரணில் கிடக்கும் கேப்பு நமத்துப் போகாது

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறுவனைச் சென்ற வாரம் அறுவை அரங்கிலிருந்து வெளியே அனுப்பியபோது, அவன் இடக்கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டுமே மிஞ்சியிருந்தன. அலுமினியத் துணுக்குகள் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரிவதில்லை என்பதால் உள்ளங்கையைத் துழாவித் துழாவித்தான் அவற்றை எடுக்க வேண்டியிருந்தது.

“கிணறு வெட்டினப்ப மிஞ்சுன கேப்புங்கய்யா. பத்து வருசமாப் பரண்ல கெடந்துச்சு, நமத்துப் போயிருக்கும்னு நெனச்சேன்” என்றார் அவன் தாத்தா. கேப்பு என்பது, பாறைக் குழியில் வைக்கும் வெடிமருந்தை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர்; ஒயர் நீட்டிய சிறு அலுமினியக் குழாய்.

இந்த ‘நமத்துப் போயிருக்கும்’ என்பதை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! நமத்துப் போவதற்கு அது முறுக்கும் அல்ல, தீபாவளிச் சரமும் அல்ல. ஊற்று கசியும் பாறைக் குழிக்குள் வெடிப்பதற்கென்றே, நீர் புகாதவாறு வாய் இறுக்கிச் செய்யப்பட்ட குழாய் அது. பரணில் பத்து மழைக்காலம் கிடந்தாலும் தொட்டித் தண்ணீரில் ஊறினாலும் அது செத்துவிட்டதாக நம்புவதற்கு இடமே இல்லை. வைத்த வெடி வெடிக்கவில்லை என்றால், அந்தக் குழியையும் ‘புஸ்’ என்று ஒதுக்கிவிட்டு அதிலேயே கடப்பாரையைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் எங்களிடம்தான் வருகிறார்கள்.

மின் டெட்டனேட்டர்களைச் செய்வதற்கும் வைத்திருப்பதற்கும் 2025 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் தடை உள்ளது. ஆகவே, கிணற்றுப் பாறையில் குழி போட வந்த கம்ப்ரசர் வண்டிக்காரர் விட்டுச் சென்ற கேப்பு இனி எந்த வேலைக்கும் உதவாது. வெடிக்க மட்டும் செய்யும்.

மோட்டார் அறையில் இன்னும் நான்கு இருப்பதாகவும், மஞ்சப்பையில் போட்டுப் பேருந்திலேயே கொண்டுவந்து ஒப்படைத்துவிடுவதாகவும் தாத்தா சொன்னபோது எனக்குக் குலை நடுங்கியது. எடுக்காதீர்கள், ஒயரைத் தொடாதீர்கள், கண்மாயில் வீசாதீர்கள், குப்பையோடு கொளுத்தாதீர்கள், பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அறையைப் பூட்டி, பிள்ளைகளை விலக்கி, 100 அல்லது 112-ஐ அழையுங்கள். செயலிழக்கச் செய்வது அதற்கெனப் பயிற்சி பெற்ற காவல் பிரிவின் வேலை. துண்டான விரல் கிடைத்தால் ஐஸில் நேரடியாகப் போடாமல், சுத்தமான ஈரத்துணியில் சுற்றிப் பாலிதீன் பைக்குள் இட்டு, அந்தப் பையை ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். ஆனால் வெடியில் சிதைந்த விரலை ஒட்டவைப்பது அரிது.

வழக்கு வருமே என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. உரிமமின்றி வைத்திருப்பது குற்றம்தான். தாத்தாவும் வெகுநேரம் தயங்கினார். பிறகு என் மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்து, பேரனின் கட்டிலைப் பார்த்தபடியே 100-ஐ அழுத்தினார்.