கமான் பட்டையில் பிறக்கும் அரிவாள்

காட்டுக்குள் ஒரே ஒரு கருவிதான் கொண்டுபோகலாம் என்றால் நான் அரிவாளைத்தான் எடுப்பேன். விறகு வெட்டலாம், முள்ளை ஒதுக்கலாம், மூங்கிலைப் பிளக்கலாம், வளைந்த மூக்கால் எட்டாத கிளையைக் கொக்கி போட்டு இழுக்கலாம். பளபளப்பான கத்திக்குப் பல ஆயிரம் கொடுப்பவர்கள், சந்தையில் சாக்கின்மேல் பரப்பி வைத்திருக்கும் கறுத்த அரிவாளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அது வருத்தம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தக் கறுப்பு இரும்பு, பல சமயம் லாரியின் அடியில் சுமை தாங்கும் பழைய கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்).

டன் கணக்கான சுமையில் வளைந்து மறுபடி நிமிர வேண்டிய பட்டை அது. அதனால் அந்த எஃகில் சுமார் 0.6 சதவீதம் கார்பன் இருக்கும். கிரில் கதவுக்குப் போடும் சாதா இரும்பில் 0.25 சதவீதத்துக்கும் குறைவு. இந்தத் துளி வித்தியாசத்தில்தான் வெட்டுவாயின் உயிரே இருக்கிறது.

அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தியானாலும் சரி, உங்கள் ஊர்ப் பட்டறையானாலும் சரி, உலையில் நடப்பது ஒன்றுதான். 727 டிகிரியைத் தாண்டும்போது இரும்பு அணுக்களின் அடுக்கு மாறத் தொடங்குகிறது. கார்பன் அதற்குள் கரைந்துவிடுகிறது. கொல்லர் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்வார். சந்தேகம் இருந்தால் காந்தத்தைக் காட்டிப் பார்க்கலாம். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை ஒட்டாது. அப்போது எண்ணெயிலோ தண்ணீரிலோ சுரீரென்று முக்குவதுதான் தோய்ச்சல். வெளியேற நேரமில்லாமல் கார்பன் உள்ளேயே மாட்டிக்கொள்ள, அணுக்களின் அடுக்கு இறுகிப்போகிறது. எஃகு கடினமாகிவிடும். ஆனால் ஓங்கி வெட்டினால் கண்ணாடிபோலச் சிதறும்.

அதனால் திரும்பவும் இளஞ்சூடு. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. தேய்த்து வெள்ளையாக்கிய வெட்டுவாயில், சூடு ஏற ஏற நிறங்கள் ஊர்ந்து வரும்: 220 டிகிரிவாக்கில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, 280ஐ ஒட்டி ஊதா, 300ஐ ஒட்டி நீலம். மேலே படியும் ஆக்சைடு ஏடு தடிக்கத் தடிக்க, அதில் பட்டுத் திரும்பும் ஒளி நிறம் மாறுகிறது. மழைநாளில் ரோட்டில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுவதும் இப்படித்தான். சவரக்கத்திக்கு மஞ்சள் போதும். மரத்தில் மோதும் அரிவாளுக்கு ஊதாவோ நீலமோ வேண்டும். கொஞ்சம் கடினம் குறையும், ஆனால் வாய் உடையாது.

வாங்கும்போது என்ன பார்ப்பது? முடிந்தால் சாணைச் சக்கரத்தில் வைக்கச் சொல்லுங்கள். கார்பன் உள்ள எஃகின் பொறி மத்தாப்புபோலக் கிளைவிட்டு வெடிக்கும். சாதா இரும்பின் பொறி அவ்வளவு கிளைக்காமல் நீளக் கோடாக ஓடும். ஆனால் பொறி கார்பனைத்தான் காட்டும், தோய்ச்சலைக் காட்டாது. அதற்கு அரம் வேண்டும். வாயில் ஒருமுறை இழுத்தால் அரம் வழுக்கி வழுக்கித்தான் பிடிக்க வேண்டும். சுலபமாகச் சுரண்டினால் தோய்ச்சல் சரியில்லை. பிடிக்குள் போகும் வால் மறுமுனைவரை வந்து, அடித்து மடக்கப்பட்டிருப்பது நல்லது.

கார்பன் எஃகு துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் தடவினால் போதும். இன்னொரு லாபமும் உண்டு. நன்றாகத் தோய்ந்த முதுகில் சக்கிமுக்கிக் கல்லின் கூரான விளிம்பை உரசினால் பொறி பறக்கும். கல் செதுக்கும் இரும்புத் துகள்தான் காற்றில் எரிகிறது. கருக்கிய பருத்தித் துணியில் அதை ஏந்தினால் நெருப்பு ரெடி.

விலங்குக்கு எதிரான ஆயுதமாக இதை நம்ப வேண்டாம். விலகி நிற்பதே பாதுகாப்பு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, எழுத்துமூல அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. அந்தச் சட்டத்தில் கத்தியும் ஆயுதம்தான்.

சாணை பிடிக்கக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். வாய் நீலத்தையும் தாண்டிச் சாம்பல் நிறமாகிவிட்டால், கொல்லர் கொடுத்த தோய்ச்சல் அந்த இடத்தில் போய்விட்டது.