மசாஜ் தெரபிஸ்ட்: சான்றிதழ் வேறு, உரிமம் வேறு

ஒருவருக்கு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. தொட்டால் சூடாக இருக்கிறது, அழுத்தினால் வலிக்கிறது. பல மணி நேரம் உட்கார்ந்தே பயணம் செய்துவிட்டு வந்தவர். "கால் பிடித்துக்கொண்டது, நன்றாக அழுத்தி விடுங்கள்" என்று கேட்கிறார். முறையாகப் படித்த தெரபிஸ்ட் அந்தக் காலில் கை வைக்க மாட்டார். ஆழத்தில் இருக்கும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் அவரை உடனே மருத்துவரிடம் அனுப்புவார். படிக்காதவர், கேட்டபடியே அழுத்திவிடுவார்.

மசாஜுக்கு எதற்கு அரசாங்கச் சட்டம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கால் போதும். இன்னொரு காரணமும் உண்டு. மூடிய அறையில், உடை குறைத்து, முன்பின் தெரியாத ஒருவரை நம்பிப் படுக்கிறோம். அந்த நம்பிக்கையை யாராவது மீறினால், தட்டிக்கேட்க ஒரு இடம் இருக்க வேண்டும்.

சரி, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் காகிதம் என்ன சொல்கிறது? பலரும் குழம்புவது இங்கேதான். சான்றிதழ் என்பது ஒரு பள்ளியோ சங்கமோ "இவர் எங்களிடம் படித்தார், தேர்வானார்" என்று கொடுப்பது. இரண்டு வருடப் படிப்புக்கும் சான்றிதழ்தான், இரண்டு நாள் வகுப்புக்கும் சான்றிதழ்தான். உரிமம் அப்படியல்ல. சட்டப்படி அமைந்த வாரியம் கொடுப்பது, அது இல்லாமல் தொழில் செய்தால் குற்றம். பதிவு என்பது பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது. அது சில நாடுகளில் கட்டாயம், சில நாடுகளில் விருப்பம். என்னைக் கேட்டால் உண்மையான வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: தப்பு செய்தால் அதைப் பறிக்க முடியுமா? உரிமத்தை வாரியம் பறித்தால் தொழிலே நின்றுவிடும். சான்றிதழை அதைக் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டாலும், உரிமம் கேட்காத ஊரில் அவர் மறுநாளும் கடை திறக்கலாம்.

நாட்டுக்கு நாடு இது மாறும். அமெரிக்காவில் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் உரிமத்துக்கு 1,000 மணி நேரப் படிப்பு வேண்டும், டெக்சாஸில் 500 மணி நேரம் போதும். பெரும்பாலான மாநிலங்கள் எம்பிஎல்எக்ஸ் என்ற பொதுத் தேர்வை ஏற்கின்றன. 110 நிமிடத்தில் 100 கேள்விகள். உடற்கூறு, நோய்கள், எந்த நிலையில் மசாஜ் கூடாது என்பது, தொழில் ஒழுக்கம் எல்லாம் அதில் வரும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் 'மசாஜ் தெரபிஸ்ட்' என்ற பெயரையே காக்கிறது. பதிவு பெறாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஜப்பானில் 1947லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது அங்கே குறைந்தது மூன்று வருடம் படித்து, தேசியத் தேர்வு எழுத வேண்டும். உரிமம் இல்லாத கடைகள் 'மசாஜ்' என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு 'தளர்வு', 'பிசைந்துவிடுதல்' என்ற மாதிரி பெயர்ப் பலகை வைத்துக்கொள்கின்றன. ஆகவே பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் போலவே, எந்தச் சொல் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தென்கொரியாவில் பார்வையற்றவர்களுக்கு மட்டுமே இந்த உரிமம். அவர்களின் பிழைப்பைக் காக்கும் ஏற்பாடு அது. 2006இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உடனே நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே இயற்றியது, 2008இல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

பிரிட்டனில் மசாஜ் செய்பவருக்குக் கட்டாய உரிமம் கிடையாது. 2008இல் தொடங்கிய விருப்பப் பதிவேடு ஒன்று இருக்கிறது. லண்டனின் பல பகுதிகளில் மசாஜ் நடக்கும் இடத்துக்கு உள்ளாட்சி தனியாக உரிமம் கொடுக்கிறது. இதை எல்லா ஊரிலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கடைக்கு உரிமம் இருப்பதும், உங்களைத் தொடுபவருக்கு உரிமம் இருப்பதும் ஒன்றல்ல. வாசலில் மாட்டியிருப்பது பெரும்பாலும் கடையின் காகிதம்தான்.

அப்புறம், நடைமுறையில் என்ன செய்வது? உங்கள் ஊரில் இந்தத் தொழிலுக்குச் சட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், தெரபிஸ்ட்டின் பெயரையும் உரிம எண்ணையும் வாங்கி வாரியத்தின் இணையப் பதிவேட்டில் தேடலாம். உரிமம் காலாவதியாகிவிட்டதா, தடை ஏதும் இருக்கிறதா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரியும். உரிம எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். முறையாக உரிமம் வாங்கியவர் அதைச் சொல்லத் தயங்க மாட்டார்.

சட்டம் இல்லாத ஊர் என்றால் ஆளைத்தான் பார்க்க வேண்டும். எங்கே, எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று கேளுங்கள். கை வைப்பதற்கு முன்பே உங்கள் உடல்நிலையை அவர் விசாரிக்கிறாரா என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, கர்ப்பமா, காய்ச்சலா, தோலில் புண்ணா? ஒன்றுமே கேட்காமல் "படுங்கள்" என்றால், சுவரில் பத்து சான்றிதழ் இருந்தாலும் எழுந்து வந்துவிடலாம். உடலில் எந்தப் பகுதியில் வேலை செய்கிறாரோ அதை மட்டும் திறந்து, மற்றதைத் துணியால் மூடி வைப்பதும் பயிற்சியில் சொல்லித்தரும் பாடம்தான். பாதியில் "போதும்" என்றால் அவர் நிறுத்தியாக வேண்டும்.

தப்பு நடந்தால் கடைக்காரரிடம் சொல்வதோடு விடாதீர்கள். தேதி, நேரம், நடந்தது எல்லாவற்றையும் அன்றே எழுதி வைத்து, வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அத்துமீறல் என்றால் காவல்துறைக்கும் போங்கள். வாரியம் உரிமத்தைப் பறிக்கும், வழக்கும் தண்டனையும் காவல்துறை, நீதிமன்றத்தின் பாடு.

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்குப் பணம் கட்டும் முன், அந்தப் படிப்பை வாரியம் ஏற்கிறதா என்று வாரியத்திடமே கேளுங்கள், பள்ளியிடம் அல்ல. வேலை பார்க்கப் போகும் ஊர் வேறு என்றால் அந்த ஊர் வாரியத்திடமும் கேளுங்கள். 500 மணி நேரம் படித்தவர், 1,000 மணி நேரம் கேட்கும் இடத்துக்குப் போனால் மீதிக்காக மறுபடி வகுப்பில் உட்கார நேரலாம்.