தடுப்புச் சுவர் இருந்தும் கப்பல் ஏன் மூழ்குகிறது?

2018 நவம்பர் 8, அதிகாலை 4 மணி. நார்வேயின் ஸ்டூரெ எண்ணெய் முனையத்துக்கு அருகே 'ஹெல்கே இங்ஸ்டாட்' என்ற ஃபிரிகேட் போர்க்கப்பலும், கச்சா எண்ணெய் ஏற்றிப் புறப்பட்ட 'சோலா டிஎஸ்' டேங்கரும் மோதிக்கொண்டன. ஃபிரிகேட்டின் வலப்பக்கம் நீளமாகக் கிழிந்தது. அதில் இருந்த 137 பேரும் தப்பினார்கள். கப்பல்தான் தப்பவில்லை.

மோதல் ஏன் நடந்தது என்பதைப் பலரும் அலசிவிட்டார்கள். டெக் விளக்குகள் எரிய வந்த டேங்கரை, கரையோரம் அசையாமல் நிற்கும் ஏதோ ஒன்று என்று ஃபிரிகேட்டைச் செலுத்தும் மேடையில் (பிரிட்ஜ்) இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கப்பல்கள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் ஏ.ஐ.எஸ். கருவி, ஃபிரிகேட்டில் தன் இருப்பிடத்தை வெளியே அறிவிக்காத நிலையில் இருந்தது. கப்பலில் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

சுமார் 134 மீட்டர் நீளமுள்ள இந்தக் கப்பலை, குறுக்கே நிற்கும் நீர்புகாச் சுவர்கள் பல அறைகளாகப் பிரிக்கின்றன. முதலில் பின் ஜெனரேட்டர் அறை, மாலுமிகள் தங்கும் பகுதி, பொருள் கிடங்கு என மூன்று இடங்களில் தண்ணீர் ஏறுவது தெரிந்தது. எத்தனை அறைகள் நிரம்பினாலும் கவிழாமல் மிதக்கும் என்று கணக்கிட்டு வைத்திருக்கும் நிலைப்பு ஆவணப்படி அது மோசமான நிலை, ஆனாலும் மிதக்கும். இன்னும் அறைகள் நிரம்பினால் கப்பல் போய்விட்டதாகவே கணக்கு.

அப்போதுதான் அடிபடாத கியர் அறையில் தண்ணீர் வேகமாக ஏறியது. பின் ஜெனரேட்டர் அறையிலிருந்து அது வந்த வழி, ப்ரொபெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட். இறக்கைகளின் கோணத்தை மாற்றும் வகை ப்ரொபெல்லர் என்பதால், எண்ணெய்க் குழாய் போவதற்காக ஷாஃப்டின் உள்ளே துளை இருக்கும். சுவரை எவ்வளவு உறுதியாகக் கட்டினாலும், அதைத் துளைத்துப் போகும் ஷாஃப்டே குழாயாகிவிட்டால் என்ன பயன்? கியர் அறையிலிருந்து, ஷாஃப்ட் சுவரைத் தாண்டும் இடத்தில் நீர் கசியாமல் அடைக்கும் ஸ்டஃபிங் பாக்ஸ் வழியாக இரண்டு எஞ்சின் அறைகளுக்கும் தண்ணீர் போனது.

சின்ன ஓட்டைதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே 10 செ.மீ. விட்டத்தில் ஒரு துளை இருந்தால், மணிக்கு ஏறக்குறைய 130 டன் தண்ணீர் உள்ளே வரும். விட்டம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு.

ஷாஃப்ட் வடிவமைப்பாளர் பொறுப்பு. கதவும் கேபிள் துளையும் நம் பொறுப்பு. நீர்புகாக் கதவைச் சோதிக்க, சட்டத்தின் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவை மூடி எல்லாத் தாழ்களையும் இறுக்குங்கள். திறந்து பார்த்தால் ரப்பரில் கோடு எங்கும் அறுபடாமல் விழுந்திருக்க வேண்டும். அறுபட்ட இடத்தில் தண்ணீர் புகும். பெரும்பாலும் காரணம் பெயின்ட்தான்: ஆய்வுக்கு முன் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்று கதவோடு சேர்த்து ரப்பரையும் பூசிவிடுவார்கள், அது இறுகி விறைத்துப்போகும். ரப்பரில் கிரீஸும் தடவக் கூடாது.

அதைவிட மோசமானது, கப்பல் பட்டறையில் பழுதுபார்த்த பிறகு கிடைக்கும் புதுக் கேபிள். ஒரு கருவியைப் பொருத்தச் சுவரில் துளையிட்டுக் கேபிளை இழுப்பார்கள்; அடைப்பை "அப்புறம்" போடுவதாகச் சொல்வார்கள். மேலே காப்புத் தகடு வந்ததும் துளை யார் கண்ணுக்கும் படாது. தகடு மூடுவதற்கு முன் டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். ஒளி தாண்டினால் நீரும் தாண்டும். அடைப்புப் போடும்வரை வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நார்வே விபத்து விசாரணை ஆணையத்தின் இரண்டாம் அறிக்கை 2021-இல் வந்தது. வெளியேறும் முன் கதவுகளையும் ஹேட்ச்களையும் (தளத்தில் உள்ள மூடித் திறப்புகள்) மற்றத் திறப்புகளையும் மூடியிருந்தால், இவ்வளவுக்குப் பிறகும் கப்பல் மிதந்திருக்கும் என்பது அதன் கணக்கீடு. இருட்டில், கப்பல் சாய்ந்து நிற்கும்போது இதைச் செய்யவில்லை என்று அந்த மாலுமிகளைக் குறைசொல்வது எளிது. பழக்கமில்லாத எதையும் அந்த நேரத்தில் கை செய்யாது. ஆகவே கப்பலைக் கைவிடும் பயிற்சியில் ஆட்களை எண்ணிப் படகில் ஏற்றுவதோடு நிறுத்தாமல், எந்தக் கதவை யார் மூடிவிட்டு வருவது என்பதையும் பெயர்ப் பட்டியலில் சேர்த்து, விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை நடத்திப் பாருங்கள்.